சூலம் ஏந்திய பென்னி

கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்த பிறகும், பழைய நாணயத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னை விடுவதாக இல்லை. காலையில் ஃபோனைத் திறந்தால் வரிசையாகக் காசுகளின் படங்கள். கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, இது என்ன விலை போகும்?" விலை சொல்வது இந்தத் தொழிலில் சுலபமான வேலை. பட்டியல் இருக்கிறது, ஏலத்தில் போன விலை இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது. கண் கொஞ்சம் பழகிவிட்டால் போதும். கஷ்டமான வேலை வேறொன்று உண்டு. அது ஒரு மதியம் என்னை நாற்காலியோடு சேர்த்து உலுக்கிவிட்டது. இன்னும் அந்த அதிர்ச்சி போகவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் முதலில் ஒரு சின்ன அதிர்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் பிழைப்புக்கு உதவும். கல்லாவியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் டப்பா நிறைய ஃபார்திங் காசுகள் இருப்பதாகப் படம் அனுப்பினார். ஃபார்திங் என்பது பிரிட்டனில் ஒரு பென்னியின் கால் பங்கு, நம் ஊர்த் தம்பிடி மாதிரி அடிமட்டக் காசு. அவர் வீட்டுப் பெரியவர் ஒருவர் கோலார் தங்கவயலில் வெள்ளைக்கார என்ஜினியர் வீட்டில் சமையல் செய்தவராம். அந்த வீட்டுப் பிள்ளைகள் சீட்டாடும்போது வைத்து விளையாடிய காசுகள் அவை. படத்தில் எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன. எனக்கு வாயெல்லாம் பல்.

ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த நாட்டு நாணயச் சாலையே ஃபார்திங்கைக் கறுப்பாக்கித்தான் வெளியே விட்டது. புது ஃபார்திங் பளபளவென்று இருந்தால் அரை சவரன் தங்கக் காசு என்று சொல்லி ஆளை ஏமாற்றிவிடுவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தக் கறுப்பு கலையாமல் இருந்தால் சேகரிப்பவர்கள் ஆசையாக வாங்குவார்கள். மறுநாள் ஆசிரியர் நேரில் வந்து டப்பாவைத் திறந்தார். உள்ளே கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. வெளி இடத்துக்கு அழுக்காகக் கொண்டுபோகலாமா என்று அவர் மனைவி எலுமிச்சையும் உப்பும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறார். பேருக்குக்கூட ஒரு காசில் கறுப்பு மிச்சமில்லை. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து யார் படம் அனுப்பினாலும் "தயவுசெய்து கழுவாதீங்க" என்பதுதான் என் முதல் பதில். நீங்களும் அதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அது காசுக்கு வந்த சேதம். இனிச் சொல்லப்போவது மனுஷர்களுக்கு வந்தது.

நான் கடையை விடுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இது. ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்த என் கடைக்கு அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அண்ணன் முனியப்பா, அறுபதை ஒட்டிய வயது, உத்தனப்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிற விவசாயி. தம்பி மாதேஷ், அவரைவிட இருபது வயதாவது இளையவர். ஓசூரிலேயே பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் அச்சுகளைப் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை. சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் செருப்பை வாசலிலேயே கழற்றினார். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். அதைக் கீழே வைப்பதற்கு முன்னால் என் மேசையைத் தன் துண்டால் துடைத்தார். காசு விற்க வருகிறவர்கள் யாரும் என் மேசையைத் துடைத்ததில்லை.

முடிச்சுக்குள் இருந்தது ஒரு பிரிட்டிஷ் பென்னி. நம் காலணாவைவிடப் பெரியது, உள்ளங்கையில் கனமாக உட்காரும் வெண்கலக் காசு. பன்னிரண்டு பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு; அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தலையில் கவசம், ஒரு கையில் திரிசூலம், இன்னொரு கை கேடயத்தின் மேல். தங்கள் நாட்டையே ஒரு பெண்ணாக்கிப் பிரிட்டானியா என்று பெயர் வைத்து, பென்னியில் உட்காரவைத்துவிட்டார்கள். வருடம் அவள் காலடியில் இருக்கும்.

நமக்கு அவள் பிரிட்டானியா. முனியப்பா வீட்டில் அவள் சூலத்தம்மா. அவர்களுடைய கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு மூட்டை சுமக்கும் கூலியாளாகப் போனவர். கூடப் போன ஊர்க்காரர்கள் யாரும் திரும்பவில்லை. இவர் மட்டும் மடியில் இந்தக் காசோடு வந்து இறங்கியிருக்கிறார். சூலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்ததும் வீட்டில் இருந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? இவள்தான் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தவள் என்று மாடத்தில் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை. வீட்டுக்கு மூத்தவர்தான் கழுவ வேண்டும், மற்றவர்கள் கும்பிடலாம், தொடக் கூடாது. இதையெல்லாம் முனியப்பா நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடப் புளியில் சூலத்தம்மாவின் மூக்கும் முழியும் மழுங்கிப் போயிருந்தன.

நான் வருடத்தைப் பார்த்தேன். 1933.

பென்னி சேகரிக்கிறவனின் கனவில் வருகிற வருடம் அது. அந்த வருடம் அவர்களிடம் ஏற்கெனவே பென்னி குவிந்து கிடந்ததால் புதிதாக அடிக்க வேண்டிய தேவையே இல்லை. கட்டடங்களின் அடிக்கல்லுக்குக் கீழே வைப்பதற்கும் இன்னும் சில காரியங்களுக்கும் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவே அடித்தார்கள். அப்படிப்பட்ட காசு உத்தனப்பள்ளியில் ஒரு மாடத்தில் வாராவாரம் புளியில் ஊறிக்கொண்டிருந்ததா? தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

குடித்து முடிப்பதற்குள் மூளை விழித்துக்கொண்டது. முதல் உலகப் போரிலிருந்து வந்த தாத்தாவின் மடியில் 1933 எப்படி இருக்கும்? காசைத் திருப்பினேன். ராஜாவின் தலை பெரிதாக இருந்தது. ராஜா அதே ராஜாதான், ஆனால் 1933க்குச் சில வருடங்கள் முன்பே பென்னியில் அவர் தலையைக் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டார்கள். லென்ஸை வைத்தேன். இரண்டு மூன்றுகளில் முதல் மூன்று தடித்திருந்தது. அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குச் செம்பு நிறம், காசின் மற்ற இடத்தைவிடச் சிவப்பு. உண்மையில் அது 1913ஆம் வருடக் காசு. ஒன்றின் மேல் உலோகத்தை உருக்கி ஒட்டி, அதை மூன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

என் கணவர் இதே ஊரில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அச்சில் பள்ளம் விழுந்தால் தலைமுடி மாதிரிக் கம்பியை லேசரில் உருக்கி அடைத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துச் செதுக்குவார்கள் என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நான் தலையை நிமிர்த்தி மாதேஷைப் பார்த்தேன். கடைக்கு வருகிறவர்கள் சுவரெல்லாம் மாட்டியிருக்கும் காசுகளை வேடிக்கை பார்ப்பார்கள். அவர் அண்ணனின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனின் காதருகே குனிந்து, வா போய்விடலாம், இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று கன்னடத்தில் கிசுகிசுத்தார். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு கன்னடத்தில் ரகசியம் பேசுகிற ஆளை என்னவென்று சொல்வது. நான் தெற்கத்திக்காரிதான், ஆனாலும் இந்த ஊரில் தேங்காய்க்குப் பேரம் பேசவே எனக்குக் கன்னடம் வேண்டியிருக்கிறது.

இந்தக் காசை வேறு யாரிடமாவது கொடுத்தீர்களா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் விவரமாகச் சொன்னார். கொஞ்ச நாள் முன்பு, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதாகச் சொல்லி மாதேஷ் சூலத்தம்மாவை வாங்கிப் போயிருக்கிறார். திருப்பிக் கொண்டுவந்தபோது ஃபோனில் ஒரு வீடியோவையும் காட்டியிருக்கிறார். இந்த வருடத்துப் பென்னி கோடிக்கணக்கில் போகும் என்று ஒரு ஆள் அதில் கத்திக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே பாகப் பிரிவினைப் பேச்சு. நீதானே அவளைக் கழுவுகிறவன், அவளை நீயே வைத்துக்கொள், நிலத்தை மட்டும் எனக்கு விட்டுவிடு என்று தம்பி கேட்டிருக்கிறார். கேட்கிறவர்களுக்குத் தம்பிதான் பெரிய மனது பண்ணுகிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சில் நிலம் என்ன விலைக்கு ஏறிக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் நான் போலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மோரில் ஊறவைத்துப் பழசாக்கியது, இரண்டு காசை அறுத்து ஒட்டியது, அச்சே புதிதாகச் செய்தது என்று எல்லாம் பார்த்தாயிற்று. தன் வீட்டுச் சாமியின் காலடியில் லேசரை வைத்து, தன் கூடப் பிறந்தவனையே ஏமாற்றுகிறதை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் பெங்களூரில் ஒரு வயதான வியாபாரி. காசைப் பற்றி மட்டும் பேசு, அதைக் கொண்டுவந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே என்பார். அன்றுவரை நான் அதை மீறியதில்லை. ஆனால் இந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவருக்கு நாற்று நடக்கூட இடம் மிஞ்சாது. இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னால் கடையிலேயே கைகலப்பாகலாம். சொல்லாமல் அனுப்பினால் ராத்திரி எனக்குச் சோறு இறங்காது. கீழே போய் மூன்று டீ வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று மாதேஷிடம் சொன்னேன். அவர் தயங்கினார். பரீட்சை அறையில் முறைக்கிற மாதிரி ஒரு முறை முறைத்தேன், போனார்.

அவர் படியிறங்கியதும் முனியப்பாவிடம் பட்டென்று போட்டு உடைத்தேன். "அண்ணே, வருசத்தை மாத்தியிருக்காங்க. இது ஒரு நல்ல சாப்பாட்டு விலைகூடப் போகாது. எந்தப் பத்திரத்திலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க."

"முந்தாநேத்தே போட்டாச்சுங்கம்மா," என்றார் அவர்.

அவரிடம் பதற்றமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மாதேஷ் திருப்பிக் கொடுத்த மறு வெள்ளிக்கிழமையே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். புளி போட்டு விளக்கினால் அந்த இடம் மட்டும் தனியாகச் சிவந்து தெரிகிறதாம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கழுவுகிற விரலுக்கு ஒரு புது மேடு தட்டுப்படாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்தே யாராவது நிலத்தை எழுதிக் கொடுப்பார்களா, உங்களுக்கென்ன பைத்தியமா என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா சாவும்போது இவனுக்கு நாலு வயசுங்க. தோள்ல போட்டு வளத்தவன் நானு. என்ன கஷ்டமோ, எங்கிட்ட வாயத் தொறந்து கேக்க முடியல இவனுக்கு. அவ காலடியில கை வெக்க முடிஞ்சிருக்குது. அது தெரிஞ்சப்புறம் அந்த நெலத்துல எறங்கி நான் என்னாத்துக்குங்க தக்காளி போடணும்?"

அப்படியானால் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன், பாருங்கள். அவர்கள் உள்ளே வந்ததிலிருந்து விலை கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, லென்ஸும் கையுமாக ஆடியிருக்கிறேன்.

"வெல கேக்க வரலீங்கம்மா," என்றார். "அந்த மூணை எடுத்துட்டு அவளப் பழையபடி பண்ண முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன். தனியாத்தான் கெளம்புனேன், நானும் வரேன்னு ஒட்டிக்கினு வந்துட்டான்."

நான் மறுபடி லென்ஸை எடுத்தேன். அது தேவையே இல்லை, அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஒட்டிய உலோகம் உள்ளே இறங்கிப் பழைய உலோகத்தோடு கலந்துவிட்டது, அதைச் சுரண்டினால் அடியில் பள்ளம்தான் விழும், பழைய ஒன்று திரும்ப வராது என்று சொன்னேன். அப்போது படியில் மாதேஷ் ஏறி வரும் சத்தம் கேட்டது. முனியப்பா அவசரமாக என் பக்கம் குனிந்தார். தனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம், கூச்சத்தில் ஏதாவது பண்ணிக்கொள்வான் என்றார்.

மாதேஷ் டீயை மேசையில் வைத்தார். அண்ணன் முந்திக்கொண்டு, "அக்கா பாத்துட்டாங்க, நல்ல காசுதானாம்," என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கஷ்டமான வேலை என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். ஆமாம் என்று நான் தலையாட்டினால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். நிலம் போனது போனதுதான், அண்ணன் கேட்டதும் அந்தத் தலையாட்டலைத்தான். எனக்கும் அந்த நிமிடம் தலையாட்டிவிடத்தான் தோன்றியது. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். தப்பித்தோம் என்று மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது, உதடு காய்ந்திருந்தது. தன் பொய்யை அண்ணன் நம்பிவிட்டார் என்பதைத் தாங்க முடியாத முகம் அது.

"நெஜமாவாக்கா?" என்றார் என்னிடம்.

கெட்ட காசை நல்ல காசு என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. இரக்கப்பட்டு ஒரு தடவை சொன்னால், அந்த ஆள் வாழ்நாள் முழுக்க நம் பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அவர் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்ததே போதும் என்று எனக்குப் பட்டது. "இல்ல தம்பி. இது 1913. ஒண்ணை மூணாக்கியிருக்காங்க," என்றேன். யார் என்று சொல்லவில்லை.

முனியப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாதேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவசரப்பட்டுவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது. "நான் கேட்டா நீ குடுத்திருக்க மாட்டண்ணா," என்றார் மாதேஷ், அண்ணனைப் பார்க்காமலே.

"கேட்டியா?" என்றார் முனியப்பா.

முனியப்பா எழுந்து, காசை மஞ்சள் துணியில் வைத்து முடிந்தார். அதைத் திரும்பத் தன் மடியில் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, தம்பியின் சட்டைப் பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் அதைப் போட்டார். நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இவளும் இருக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை மறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"வேணாண்ணா," என்று மாதேஷ் பையிலிருந்து அதை எடுக்கக்கூடத் துணியாமல் கையை விலக்கிக்கொண்டார். "என்னால இவளத் தொட முடியாது."

"தொட்டுட்டயேடா. இனி நீதான் கழுவணும்."

முனியப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனார். நான் பின்னாலேயே போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரு அண்ணன் தம்பியை மன்னித்ததைப் பார்த்தேனா, தண்டித்ததைப் பார்த்தேனா என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எதற்கு வந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள், காசைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள் என்பதுவரை என்னால் உங்களுக்குச் சொல்லித்தர முடியும். அதற்கு மேல் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தவரிடம் என்ன பேச வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டீயைக் குடிங்க தம்பி என்றேன்.

அவர் குடிக்கவில்லை. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலையைத் தூக்கி, "கழுவறதுக்குப் புளி எவ்ளோ போடணுங்கக்கா?" என்று கேட்டார்.